அத்தான் சேலை போர்த்திய கதை

என் அத்தான் வேலாயுதத்துக்கு மாட்டைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது. மாடு காதை முன்னால் மடித்தால் என்ன, பின்னால் மடித்தால் என்ன, சாணம் இளகிப்போனால் எந்தத் தீனி ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் சொல்லிவிடுவார். எங்கள் பேட்டையான சுண்ணாம்புக் கம்பத்தில் சிராங்கூன் சாலை நெடுக எந்தக் கொட்டகையில் மாடு படுத்துவிட்டாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அவரும் சாப்பிடுகிற சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு ஓடுவார். மனுஷரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வரியில் முடிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் இந்த ஊருக்கு வந்ததே மாடுகளோடுதான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது அவருக்குப் பதினெட்டு வயது. மேல்தட்டில் மனுஷர், கீழே மாடு. அத்தான் கீழேதான் படுத்து வந்தாராம், காற்றடித்தால் மாடு மிரளுமே என்று. மேல்தட்டில் பாதிப் பேர் வாந்தியெடுத்துக் கிடந்தார்கள், மாடு ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று இன்றைக்கும் பெருமையடிப்பார். அந்தப் பாதிப் பேரில் ஒருவர் பெயராவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. பதினோரு மாட்டின் பெயரும் ஞாபகம் இருந்தது.

கல்யாணமும் மாட்டால்தான் நடந்தது. எங்கள் அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வண்டி ஓட்டியவர். அவருடைய காளைக்குக் கால் வீங்கியபோது வைத்தியம் பார்க்க அத்தான் மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் காளையின் காலைத்தான் பார்த்தார். சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மங்களம் அக்காவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்படி ஒரு யோக்கியன் கிடைப்பானா என்று அப்பா அக்காவைக் கொடுத்துவிட்டார். யோக்கியம் வேறு, கண் தெரியாதது வேறு என்று எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது பத்து வயதுதான். மறு வருஷம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா பினாங்கில் இருக்கிற எங்கள் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். நான் அக்காவோடு பஃபலோ ரோட்டில் தங்கிவிட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். அதற்கு மேல் பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை.

அத்தானிடம் மூன்று மாடு. இரண்டைக் கொட்டகையிலேயே கறப்பார், ஆட்கள் செம்போடு வந்து வாங்கிப்போவார்கள். செவலை மட்டும் வீதி சுற்றுகிற மாடு. வசதியான வீட்டுக்காரர்கள் கறந்துவைத்த பாலை நம்ப மாட்டார்கள். தண்ணீர் கலக்கவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் மாட்டையும் கன்றையும் அவர்கள் வாசலுக்கே ஓட்டிப்போய்க் கறந்து கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் கறக்க, ஒருவர் கன்றை முதலில் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துப் பிடிக்க. கறக்கிறவர் அத்தான். கன்றுக் கயிறு அக்கா கையில்.

இவர்கள் குடும்பம் நடத்தியது வீட்டில் இல்லை, இந்த வீதியில்தான். வீட்டுக்குள் வந்தால் அத்தானுக்கு வாய் கிடையாது. சோறு, தண்ணி, ம், சரி. நாலே வார்த்தை. ஆனால் விடியற்காலை மாட்டை அவிழ்த்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டால் பேச்சு வந்துவிடும். அதுவும் அக்காவிடம் நேராகப் பேச மாட்டார். நடுவில் நடக்கிற செவலையிடம் சொல்லுவார்.

"செவல, இவளுக்குக் கால் வலிக்குதாம். நேத்து ராத்திரி முனகினா. ஏன்னு கேளு."

அக்கா மாட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்லுவாள். "செவல, முனகினத கேட்டவரு ஏந்திரிச்சு அமுக்கிவிட்டிருக்கலாமேன்னு சொல்லு."

"அமுக்கிவிட்டா உதைப்பாளோன்னு பயமா இருந்துச்சுன்னு சொல்லு."

நானும் இரண்டு தரம் கூடப் போயிருக்கிறேன். இரண்டு தரமும் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு வந்தேன். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு மாடு தூது. மாடு பாவம், சாணி போட்டுக்கொண்டே நடந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் அக்கா சிரித்த மாதிரி வேறு எங்கேயும் நான் சிரித்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் பிள்ளை பிறந்தது.

அக்காவுக்கு மூன்று மாசம் முன்னால் செவலை கன்று போட்டிருந்தது. அத்தானுக்குக் கை பழகியிருந்தது. அதுதான் வினை. மலாய்க்காரப் பிடான் மக் தீமா வந்து பிரசவம் பார்த்தாள். பிடான் என்றால் மருத்துவச்சி. எங்கள் தெருவில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள், தமிழ் எங்களுக்குச் சமமாகப் பேசுவாள். பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் அத்தான் வெளியிலிருந்து முதலில் கேட்ட கேள்வி, "கொடி விழுந்துருச்சா?"

மக் தீமா தலையை நீட்டிப் பார்த்தாள். "பொம்பளப் பிள்ள. நல்லா இருக்கு. பெண்டாட்டி எப்படின்னு கேக்க மாட்டியா நீ?"

"கிடேரியா," என்றார் அத்தான். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. பெண்ணாய்ப் போச்சே என்று ஆறுதல் சொல்ல வந்த நாலு பேருக்கும் அவர் பதிலுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். காளைக்கன்று போட்டால்தானே அவருக்குத் துக்கம்.

பிறகு ஆரம்பித்தது பணிவிடை. குருணை அரிசியும் வெல்லமும் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். செவலைக்குக் காய்ச்சிய அதே அண்டாவில். வாசலில் காற்று புகாமல் கோணிப் படுதா கட்டினார். கொசுவுக்கு வேப்பிலைப் புகை போட்டார். கண் பட்டால் பால் வற்றிப்போகும் என்று ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. இதில் ஒன்றும் தப்பில்லை என்பார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். "தங்கமான மனுஷன்" என்று உருகினார்கள். அவர்கள் வீட்டு மனுஷர் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்ததால் நான் அந்த உருக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் அக்கா கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். பிள்ளை இரவெல்லாம் அழுதிருந்தது. அத்தான் படுதாவை விலக்கித் தலையை நீட்டினார்.

"பால் இறங்குதா? மடி கட்டிக்கலையே?"

"மடியா?" என்றாள் அக்கா. "என்னப் பாத்து மடிங்கிறீங்களா? போங்க அந்தாண்ட. கிட்ட வராதீங்க."

தூக்கம் கெட்டவள் எரிந்து விழுந்தாள். அவ்வளவுதான். அரை மணியில் மறந்தும் போனாள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லிவிட்டு மத்தியானம் திரும்பி வந்திருப்பார்கள். அத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஏன் என்று நான்தான் போய்க் கேட்டேன்.

"கன்னு போட்ட மாடு முட்டத்தான் செய்யும் கண்மணி. அது குத்தமில்ல. நாம தள்ளி நிக்கணும். அதுவா ஒருநாள் கூப்பிடும். அதுவரைக்கும் கிட்டப் போனா மெரண்டு போகும்."

"எப்படிக் கூப்பிடும்?"

"கத்தும்," என்றார், இது தெரியாதா என்கிற மாதிரி.

ஆக, என் அக்கா கத்த வேண்டும். அவள் கத்துவாள் என்று அவர் நாற்பது நாள் காத்திருந்தார். நாற்பது நாள் தீட்டு கழிந்த பிறகும் காத்திருந்தார். ஒரு மத்தியானம் நான் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்று நன்றாக இழுத்து ஒரு கத்துக் கத்திப் பார்த்தேன். எழுந்து ஓடிவந்தார். வந்தவர் செவலைக்குத் தண்ணீர் காட்டினார்.

மாசம் நாலு ஆயிற்று. பாக்கியலட்சுமி என்று பெயர் வைத்த பிள்ளை பாக்கியம் ஆகி, குப்புற விழுந்து, தலை தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அத்தான் காலையில் படுதாவுக்கு வெளியே சுறாப்புட்டுக்கு மீன், பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் கொண்டுவந்து வைப்பார். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். சாயங்காலம் வந்து தட்டை எட்டிப் பார்ப்பார். காலியாக இருந்தால் தலையை ஆட்டிக்கொண்டு போவார். தீனித் தொட்டி பார்க்கிற அதே தலையாட்டல். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு விரலை நீட்டிக் கன்னத்தைத் தொடுவார். தூக்கச் சொன்னால், "தாய் வாசன போயிரும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

முதல் மாசம் அக்கா சிரித்தாள். இரண்டாம் மாசம் கோபப்பட்டாள். மூன்றாம் மாசத்தில் ஒன்றும் சொல்லாமல் ஆனாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அவருக்கு என்னப் பிடிக்காமப் போச்சுடி," என்றாள் ஒருநாள், பிள்ளைக்குத் துணி மடித்துக்கொண்டே. "வயிறு இப்படி ஆயிருச்சு. மூஞ்சி இப்படி. பாவம், சொல்லத் தெரியாம ஒதுங்கிட்டாரு."

"அவருக்குச் சொல்லத் தெரியாதுங்கறது சரி," என்றேன். "மத்ததெல்லாம் நீயாச் சேத்துக்கிட்டது."

"உனக்கு எல்லாம் வெளையாட்டு."

இந்த நேரத்தில் வீதியில் வேறு கூத்து நடந்தது. அக்கா வராததால் அத்தான் கன்றை விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு ஒற்றை ஆளாகக் கறந்துகொண்டிருந்தார். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் செவலை பாலை மேலே இழுத்துக்கொண்டது. கறக்க உட்கார்ந்தால் தலையைத் திருப்பித் திருப்பித் தெருவைப் பார்த்துக் கத்தும். நாலு வீட்டுக்குக் கொடுத்த மாடு இரண்டு வீட்டுக்கே திணறியது. டன்லப் தெருவில் ஜவுளிக்கடை ஒலி முகம்மது வீட்டம்மா சம்சுன்னிசா பீவி கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டாத குறையாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "மாட்ட அந்தப் பால்காரரோட மொகமே பயமுறுத்துது."

அத்தான் மூன்று நாள் மாட்டைப் பார்த்தார். வெந்நீரில் மடியைக் கழுவிப் பார்த்தார். வெல்லம் கொடுத்துப் பார்த்தார். நாலாம் நாள் வைத்தியம் கண்டுபிடித்து எங்கள் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்.

"இது நோவு இல்ல கண்மணி. ஏக்கம். மங்களத்தத் தேடுது."

படுதாவுக்கு இந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு ஏக்கம் என்று மூன்றே நாளில் கண்டுபிடித்த மனுஷன், எட்டடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவளை நாலு மாசமாகக் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்குத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டுப் பினாங்குக்குக் கடுதாசி எழுதச் சொன்னாள்.

அண்ணன் பதில் போட்டான். அவன் எழுத்து என் எழுத்தைவிட மோசம், யோசனை அதைவிட மோசம். வெள்ளிக்கிழமை பினாங்குக் கப்பலில் தங்கராஜு செட்டியார் குடும்பம் அங்கிருந்து வருகிறது, பிள்ளையையும் கண்மணியையும் கூட்டிக்கொண்டு அவர்களோடு ஏறி வந்துவிடு, பிள்ளைக்குப் பல் முளைக்கும் வரை இங்கேயே இரு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அடுத்த சந்தில் ஒருத்தி அப்படித்தான் தாய் வீட்டுக்குப் போனாள். பிள்ளைக்கு முப்பத்திரண்டு பல்லும் முளைத்துவிட்டது. அவள் வரவில்லை.

அக்கா தகரப் பெட்டியில் துணிமணியை அடுக்கி, இழுத்து நடுவீட்டில் வைத்தாள். ஒளிக்கவில்லை. அவர் கண்ணில் படட்டும் என்றுதான் வைத்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. அத்தான் வந்தார், பார்த்தார்.

"எங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பினாங்குக்கு. வெள்ளிக்கிழமை கப்பல்," என்றேன். வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன்.

அத்தான் ரொம்ப நேரம் பெட்டியையே பார்த்தார். இப்போதாவது ஏதாவது சொல்லுவார் என்று நான் காத்து நின்றேன். அக்கா பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அத்தான் கொட்டகைக்குப் போனார். புதுத் தேங்காய்நார்க் கயிறு கொண்டுவந்தார். தண்ணீரில் நனைத்து, பெட்டியை இரண்டு பக்கமும் சுற்றி இறுக்கி, ஓடுகாலி மாட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். காய்ந்தால் இரும்பாய்ப் பிடித்துக்கொள்ளும் முடிச்சு அது. கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா அழவில்லை. "பாத்தியாடி. அவ்வளவு நல்லாக் கட்டிக் குடுத்திருக்காரு," என்றாள்.

நான் கொட்டகைக்குப் போய் அவர் தலைப்பாகைக்குள் ஒரு பிடி சாணம் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அப்போது வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. அவர் அதை எடுத்துப் போட்டுவிட்டுத் துணியை அலசிக் காயப்போட்டார். யார் வைத்தது என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

புதன்கிழமை காலையில் அக்கா பரண்மேல் துழாவிக்கொண்டிருந்தாள். அவளுடைய நீலக் கண்டாங்கிச் சேலையைக் காணோம். வீதிக்குப் போகும்போதெல்லாம் கட்டுகிற சேலை. எத்தனை துவைத்தாலும் பால் வாடையும் கன்று நக்கின வாடையும் போகாது. பிள்ளை பிறந்த பிறகு மடித்துப் பரண்மேல் வைத்திருந்தாள்.

"என் கண்டாங்கி எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

எனக்குத் தெரியும். மூன்று நாளாகத் தெரியும். அத்தான் விடியற்காலையில் பரணில் கை விட்டு எடுத்ததை நான் பாயில் படுத்துக்கொண்டே ஒற்றைக் கண்ணால் பார்த்திருந்தேன். எதற்கு என்று பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தேன். அதை எங்கே எப்போது சொன்னால் நன்றாக இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மாட்டுக்குத் தொடைக்க எடுத்துட்டாரா? அதக்கூட விட்டு வெக்கலையா?" என்றாள் அக்கா.

"டன்லப் தெருவுல போய்ப் பாரு," என்றேன். "இப்ப அங்கதான் இருப்பாரு."

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாலு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தெருவில் இறங்குகிறாள். நடையில் நெருப்புப் பறந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். பெரிய சாலையைத் தாண்டும்போது டிராம் நின்றிருந்தது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது டன்லப் தெருவுக்குள் திரும்பியதும் அக்காவுக்குத் தெரிந்தது.

சம்சுன்னிசா பீவி வீட்டுப் பின்வாசலில் அத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலையோடு முக்காடாக அக்காவின் நீலக் கண்டாங்கியைப் போர்த்தியிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். மீசை மட்டும் வெளியே தெரிந்தது. செவலை அந்தச் சேலையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றது. சம்சுன்னிசா பீவி செம்பைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றார்.

அக்கா நின்றுவிட்டாள். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். முக்காடு நழுவியது. புதுப்பெண் மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மாட்டுப் பக்கம் திரும்பினார்.

"செவல, சேலைய நான் கிழிக்கலன்னு சொல்லு. தொவச்சு வெச்சுருவேன்."

அக்கா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் கப்பலும் பெட்டியும் எல்லாம் அந்த ஒரு மூச்சில் நின்றன. அவள் மாட்டுக்கு அந்தப் பக்கமாக இரண்டு அடி நகர்ந்து நின்றாள்.

"எதுக்கு எடுத்தாருன்னு கேளு செவல."

"உனக்கு அவ வாசன இல்லாம பால் எறங்கலேன்னு சொல்லு."

"நாலு மாசமா எனக்கு என்ன எறங்கல, என்ன ஏறலன்னு கேட்டாரான்னு கேளு."

"நீ கத்துன. அதனால எனக்குத் தெரிஞ்சுச்சு," என்றார் அத்தான் மாட்டிடம். "அவ கத்தல."

"நான் மாடில்லன்னு சொல்லு."

"அது தெரியும்," என்றார். கறக்கக் கையில் தடவியிருந்த எண்ணெயை வேட்டியில் துடைத்தார். "மாடா இருந்தா நான் ஏன் பயப்படுறேன்."

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

"அல்லாவே," என்றார் சம்சுன்னிசா பீவி. "அடுப்புல தேத்தண்ணி கொதிச்சு வத்துது. பஞ்சாயத்த மாட்டுக்கு வெச்சுக்கிட்டு என் பாலக் குடுங்க ரெண்டு பேரும்."

"ஒரு நிமிஷம் பீவிம்மா," என்றாள் அக்கா, மாட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "செவல, பெட்டியக் கட்டிக் குடுத்தாரே, அது எதுக்காம்?"

"வழியில அவுந்துறக் கூடாதுல்ல. புள்ளைக்கு வேண்டியதெல்லாம் அதுல இருக்குமே."

"போகாதன்னு சொல்றதுக்கு வாய் இல்லையாமா?"

"கயித்த இழுக்குற மாட்டப் புடிச்சு நிறுத்துனா கழுத்து..." என்று ஆரம்பித்த அத்தான் பாதியில் நிறுத்திக்கொண்டார். மாடு மாடு என்று எத்தனை தடவை சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்ததோ என்னவோ. எழுந்தார். மாட்டைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். முக்காடும் மீசையுமாக அக்கா முகத்துக்கு நேரே நின்றார். வீதியில் நடுவே மாடு இல்லாமல் அவர் அவளிடம் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போகாத மங்களம்," என்றார்.

இரண்டே வார்த்தை. இதைச் சொல்லவா நாலு மாசம், ஒரு மாடு, ஒரு சேலை, எட்டுக் கஜம் கயிறு. எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணில் தூசி விழுந்ததால் அக்கா முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

"இப்படிப் போய்க் கொட்டகையில படுக்குற ஆளோட நான் ஏன் இருக்கணும்?" என்றாள். அவள் நேராக அவரிடமே கேட்டாள்.

"வீட்டுல படுக்குறேன்."

"ராத்திரி அழுவுறப்ப ஏந்திரிக்கணும்."

"ஏந்திரிக்கிறேன்."

"நான் முட்டுனா?"

அத்தான் யோசித்தார். "நின்னு வாங்கிக்கிறேன்."

அக்கா சட்டென்று பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கன்றுக் கயிற்றை அவிழ்க்கப் போனாள். அத்தான் இரண்டு கையிலும் பிள்ளையை ஏந்திக்கொண்டு, கீழே வைக்க இடம் தேடுகிற மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். கறக்கவும் வேண்டும், பிள்ளையையும் விடக் கூடாது. சம்சுன்னிசா பீவிதான் வந்து அவர் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்து, குறுக்காக இழுத்து, பிள்ளையை அவர் மார்பில் தொட்டில் மாதிரி கட்டிவிட்டார். "என் புருஷனுக்கு ஜவுளிக்கடை இருந்தும் இந்த யோசன வந்ததில்ல," என்றார். பாக்கியம் மீசையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அத்தான் அப்படியே உட்கார்ந்து கறந்தார். அக்கா கன்றை ஊட்டவிட்டு இழுத்துப் பிடித்தாள். செம்பில் பால் விழுகிற சத்தம் கனமாகக் கேட்டது. செவலை அவளைக் கண்டதால்தான் பால் விட்டது என்று அத்தான் இன்றைக்கும் சாதிப்பார். எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

திரும்பி வரும்போது பஃபலோ ரோட்டு முனையில் வண்டிக்காரர்கள் கூடி நின்று சிரித்தார்கள்.

"வேலாயுதம், புதுக் கன்னு போட்டிருக்கீராமே," என்றார் ஒருவர்.

"கிடேரி," என்றார் அத்தான். நடையை நிறுத்தவில்லை. மாட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க வந்தாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு ராத்திரியே பிள்ளை அழுதபோது அத்தான் எழுந்தார். எழுந்து வெல்லக் கஞ்சி காய்ச்சப் போனார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், பிள்ளை தூங்கியது, கீழே விடப் பயந்து விடியும் வரை நடந்துகொண்டே இருந்தார். அக்கா இரண்டு தரம் முட்டினாள். நின்று வாங்கிக்கொண்டார். பெட்டி மட்டும் கட்டியபடியே நடுவீட்டில் இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அத்தானும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீதி சுற்றி முடித்து வந்து அக்கா கை கால் கழுவினாள்.

"மாத்திக் கட்ட சேலை இல்ல," என்றாள். "எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு."

அத்தான் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். முடிச்சில் விரலை விட்டார். நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார். காய்ந்த நார் இரும்பாய்ப் பிடித்திருந்தது. எப்பேர்ப்பட்ட மாடு இழுத்தாலும் அவிழாது என்று அவரே சொல்லிப் பீற்றிக்கொள்கிற முடிச்சு. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"நேரமாகுது," என்றாள் அக்கா, கதவில் சாய்ந்துகொண்டு. "கப்பல் போயிரும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. மாடாக இருந்தால் காதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

கொட்டகையில் அரை முழக் கயிற்றைக்கூட ஆணியில் மாட்டிவைக்கிற மனுஷர் அவர். கயிற்றை வெட்டுகிறவனுக்கு மாடு தங்காது என்று என்னையே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் எழுந்து போய்ப் புல்லறுக்கிற அரிவாளைக் கொண்டுவந்தார். புதுக்கயிறு. எட்டுக் கஜம். நடுவில் வைத்து ஒரே இழுப்பில் அறுத்தார்.